கடன் பாக்கி என்று போன் வந்தால்: உண்மையா, மோசடியா என்று பார்ப்பது எப்படி?

"உங்க பேர்ல ஒரு கடன் பாக்கி இருக்கு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா கேஸ் ஆயிடும்." தெரியாத எண்ணிலிருந்து இப்படி ஒரு குரல் கேட்டால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். கடனே வாங்காதவருக்குக்கூட, எதையாவது மறந்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் எட்டிப்பார்க்கும். இரண்டு தவணை தவறியவருக்கோ சந்தேகமே வராது. கூச்சம்தான் வரும், எப்படியாவது பணத்தை அனுப்பிப் பேச்சை முடித்துவிட்டால் போதும் என்றிருக்கும். மோசடிக்காரர்கள் நம்பிப் பிழைப்பது இந்த இரண்டு மனநிலைகளையும்தான்.

இதில் அடிப்படையான விஷயம் ஒன்று இருக்கிறது. கடன் இருக்கிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு பணம் கேட்பவருடையது. இல்லை என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, அதுவும் போனில், அந்த நிமிடத்திலேயே. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

இரண்டு கேள்விகள், தனித்தனியாக

அழைப்பு வந்ததும் நாம் கேட்டுக்கொள்வது "நான் கடன் வாங்கினேனா?" என்பது மட்டும்தான். கூடவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: "அதைக் கேட்க இவர் யார்?" இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கடனும் உண்மை, அழைப்பவரும் உண்மையான வசூல் ஏஜென்ட் என்றால் பேச வேண்டியது தவணை பற்றித்தான். கடனும் பொய், ஆளும் பொய் என்பது அப்பட்டமான மோசடி. நடுவில் இருக்கும் இரண்டு வகைகள்தான் சிக்கலானவை. கடன் உண்மையாக இருக்கும், அழைப்பவர் மட்டும் போலியாக இருப்பார். நீங்கள் பணம் கட்டுவீர்கள், அது எங்கோ போய்விடும், வங்கிக் கணக்கில் பாக்கி அப்படியே நிற்கும். மற்றது, ஏஜென்ட் உண்மையானவர், ஆனால் தேடி வந்த ஆள் நீங்கள் இல்லை. அதே பெயருள்ள வேறொருவர், அல்லது உங்கள் எண்ணை முன்பு வைத்திருந்தவர், அல்லது கடனை எப்போதோ கட்டி முடித்தும் பழைய பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படாத நீங்களே.

அதனால் "ஆமாம், நான் அங்கே கடன் வாங்கியிருக்கிறேன்" என்று உங்களுக்கு நினைவு வந்தாலும் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது. மீதிப் பாதி, பேசுகிறவர் யார் என்பது.

முன்பின் தெரியாத நிறுவனம் ஏன் அழைக்கிறது?

கடன் கொடுத்த நிறுவனமே எல்லாத் தவணையையும் துரத்திக்கொண்டிருப்பதில்லை. சில மாதம் பாக்கி விழுந்ததும் வசூல் வேலையை வெளி ஏஜென்சியிடம் ஒப்படைக்கும். சில நாடுகளில் கடனையே மொத்தமாக வேறொருவருக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார். இப்படிக் கைமாறுவதால் நீங்கள் கேள்வியே படாத ஒரு பெயரில் அழைப்பு வருவது மட்டும் மோசடிக்கு அடையாளம் ஆகாது.

ஆனால் கைமாறும்போது விவரம் தேய்கிறது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கடனை விலைக்கு வாங்கும் நிறுவனங்கள் ஒரு டாலர் பாக்கிக்குச் சராசரியாக 4 சென்ட் கொடுத்திருந்தது தெரிந்தது. அதாவது 100 டாலர் கடன் 4 டாலருக்குக் கிடைக்கிறது. அந்த விலைக்கு மூல ஒப்பந்தம், பணம் கட்டிய விவரம், ரசீது என்று எல்லாம் சேர்ந்து வராது. பெயரும் எண்ணும் தொகையும் கொண்ட ஒரு கணினிப் பட்டியல்தான் பெரும்பாலும் வரும். அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் அந்தத் தப்பு உங்கள் போனில் ஒலிக்கும். ஆகவே, மோசடிக்காரரிடம் மட்டுமல்ல, நேர்மையான ஏஜென்சியிடமும் ஆதாரம் கேட்பது நியாயம். அவர்களைச் சந்தேகப்படுகிறோம் என்று நீங்கள் சங்கடப்படத் தேவையில்லை.

இல்லாத கடனுக்கு வசூல் கேட்பதும் ஒரு தனித் தொழிலாகவே நடந்திருக்கிறது. 2012-இல் அதே கமிஷன் நீதிமன்றம் மூலம் நிறுத்திய ஒரு கும்பல், இந்தியாவிலிருந்து ஆட்களை வைத்து அமெரிக்கர்களை அழைத்தது. குறுகிய காலக் கடன் கேட்டு இணையத்தில் விண்ணப்பித்தவர்களின் விவரங்கள் அதன் கையில் இருந்தன. போலீஸ் என்றும் வழக்கறிஞர் என்றும் மிரட்டி, யாருக்கும் தர வேண்டியிராத பணத்தை அது கறந்தது. கடன் கேட்டு விண்ணப்பித்த ஞாபகம் இருந்ததால் பலர் நம்பிவிட்டார்கள்.

இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்று உண்டு. அழைப்பவர் உங்கள் முழுப் பெயர், பழைய முகவரி, வேலை செய்யும் இடம், அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் சரியாகச் சொல்கிறார் என்பதால் அவர் உண்மையானவர் ஆகிவிட மாட்டார். இந்தத் தகவல்கள் விண்ணப்பப் படிவங்களிலிருந்தும், திருடப்பட்ட தரவுகளிலிருந்தும் விலைக்குக் கிடைக்கின்றன. போன் திரையில் வங்கியின் பெயரோ எண்ணோ தெரிவதும் சாட்சி இல்லை. திரையில் காட்டப்படும் எண்ணை மாற்றிக் காட்டும் வழிகள் இருக்கின்றன. அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருப்பது எதையும் நிரூபிக்காது. அவரைப் பற்றி நீங்களாகத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் நிரூபிக்கும்.

அழைப்பு எப்படி இருக்கும்

ஒரு உரையாடலை அப்படியே பார்க்கலாம். கற்பனைதான், ஆனால் போக்கு இப்படித்தான் இருக்கும்.

"சார், லீகல் டிபார்ட்மென்ட்லேர்ந்து பேசுறேன். உங்க மேல ஃபைல் ஓப்பன் ஆயிருக்கு."

"எந்தக் கடனுக்கு? எந்த நிறுவனம்?"

"அதெல்லாம் ஃபைல்ல இருக்கு சார். முதல்ல உங்க பிறந்த தேதியச் சொல்லுங்க, வெரிஃபை பண்ணணும்."

"போன்ல நான் எந்த விவரமும் சொல்றதில்லை. உங்க நிறுவனத்தோட பேரு, முகவரி, உங்க பேரு, எந்தக் கடன், எவ்வளவு பாக்கி, முதல்ல யார் கொடுத்தது, எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க. பாத்துட்டு நானே பதில் சொல்றேன்."

"அனுப்புறதுக்கெல்லாம் டைம் இல்ல சார். இன்னும் ரெண்டு மணி நேரத்துல வாரண்ட் போயிடும். இப்ப ஒரு பாதித் தொகை மட்டும் போட்டுடுங்க, நான் நிறுத்தி வெக்கிறேன்."

"எழுத்துல வரட்டும். வச்சிடறேன்."

கடன் எது என்று கேட்டதற்கு பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக உங்களிடமிருந்து ஒரு தகவல் கேட்கப்பட்டது. எழுத்தில் கேட்டதும் அவசரம் கூடியது. கடைசியில் "பாதித் தொகை", அதாவது பயந்த ஆள் உடனே கொடுக்கக்கூடிய அளவுக்கு ஒரு பணம். இந்த வரிசையில் பேச்சு போனால் பெரும்பாலும் அது மோசடிதான்.

பிறந்த தேதி கேட்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உண்மையான ஏஜென்டும் சில சமயம் கேட்பார், வேறு ஆளிடம் உங்கள் கடன் பற்றிப் பேசிவிடக் கூடாது என்பதற்காக. அப்போதும் நீங்கள் சொல்லியாக வேண்டும் என்றில்லை. நிறுவனத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அதன் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்தால் போதும். அவர் கொடுக்கும் எண்ணில் திரும்ப அழைப்பது சரிபார்ப்பு ஆகாது. அந்த எண்ணை எடுப்பதும் அவருடைய பக்கத்து நாற்காலிக்காரராக இருக்கலாம்.

உரையாடலில் உங்கள் பக்கத்தில் என்ன இல்லை என்பதையும் பாருங்கள். "ஆமாம், அந்தக் கடன் என்னுடையதுதான்" என்ற பேச்சு இல்லை. "இப்போது கையில் பணம் இல்லை, அடுத்த மாதம் தருகிறேன்" என்ற பேச்சும் இல்லை. கோபமும் இல்லை. திட்டினால் பேச்சு நீளும், நீளும்போது ஏதாவது வாயில் வந்துவிடும். நாலு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிடுவதுதான் நல்லது.

எதைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும்

மிரட்டல்களில் முதலிடம் கைதுக்குத்தான். கடனைக் கட்ட முடியாமல் போவது பொதுவாகச் சிவில் விவகாரம். பணம் வர வேண்டியவர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அது அவருடைய உரிமை. ஆனால் தவணை தவறியதற்காக ரெக்கவரி ஏஜென்ட் போலீசை அனுப்பிக் கைது செய்ய முடியாது. இந்தியாவில் காசோலை பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்கு வர வழி உண்டு. மோசடி செய்து கடன் பெற்றிருந்தால் அதுவும் வேறு கதை. அவற்றிலும் முறைப்படி நோட்டீஸும் நீதிமன்றமும் இருக்கும். இரண்டு மணி நேர வாரண்ட், வீடியோ காலில் வரும் போலீஸ் அதிகாரி, போனிலேயே கைது என்பதெல்லாம் சட்டத்தில் இல்லாத விஷயங்கள். அமெரிக்காவில் 1977-இல் வந்த நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம் இப்படிப் பொய்யாகக் கைது மிரட்டல் விடுவதையே தடை செய்கிறது.

அடுத்தது பணம் கட்டும் வழி. கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னாலோ, கிரிப்டோவில் அனுப்பச் சொன்னாலோ, தனி நபரின் யூபிஐ கணக்குக்குப் போடச் சொன்னாலோ அங்கேயே முடித்துக்கொள்ளலாம். போனில் ஏதாவது ஒரு செயலியை இறக்கி திரையைப் பகிரச் சொல்வது இன்னும் ஆபத்து. உங்கள் திரையில் வரும் ஓடிபி அவருக்கும் தெரியும். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்" என்பதும் அதே ரகம். யூபிஐயில் பணம் பெற வேண்டுமானால் ரகசிய பின் (PIN) நம்பர் தேவையே இல்லை.

மூன்றாவதாக, எழுத்தில் தர மறுப்பது. என்னைக் கேட்டால் எல்லா அடையாளங்களிலும் இதுதான் உறுதியானது. மிரட்டலாகப் பேசும் நிஜ ஏஜென்டுகள் இருக்கிறார்கள், நயமாகப் பேசும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். குரலை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் நிஜமான கடனுக்கு காகிதம் இருக்கும். இல்லாத கடனுக்கு எழுதித் தருவது கடினம், தந்தால் அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சி. வாட்ஸாப்பில் முத்திரை வைத்த "கோர்ட் நோட்டீஸ்" படம் ஒன்று வரலாம். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அழிக்கவும் செய்யாதீர்கள். பின்னால் புகாருக்கு உதவும்.

சட்டம் உங்கள் பக்கம் என்ன சொல்கிறது

நாட்டுக்கு நாடு விதி வேறு. இருந்தாலும் இரண்டு மூன்று உதாரணம் தெரிந்திருந்தால், இங்கும் அப்படி ஒன்று இருக்குமே என்று தேடத் தோன்றும்.

அமெரிக்காவில் வசூல் நிறுவனம் முதலில் தொடர்புகொண்ட ஐந்து நாளுக்குள் கடன் விவரத்தை எழுத்தில் தந்தாக வேண்டும். அது கிடைத்த 30 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் மறுத்தால், ஆதாரம் அனுப்பும் வரை அவர்கள் வசூல் முயற்சியை நிறுத்த வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. 2021 நவம்பர் 30 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒரே கடனுக்காக ஏழு நாளில் ஏழு முறைக்கு மேல் அழைத்தால் அது தொல்லையாகவே கருதப்படும்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிப்புப்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றின் ஏஜென்டுகளும் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாது. மைக்ரோஃபைனான்ஸ் கடன் என்றால் அந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. அவமானப்படுத்துவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, பெயர் தெரியாமல் மிரட்டி அழைப்பது எல்லாம் தடை. ஏஜென்ட் நேரில் வந்தால் அடையாள அட்டையும் வங்கி தந்த அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். முக்கியமான ஒன்று: ஏஜென்ட் என்ன செய்தாலும் அதற்கு அந்த வங்கியே பொறுப்பு. "அது ஏஜென்சிக்காரர்கள் செய்தது" என்று வங்கி கையை விரிக்க முடியாது.

சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டப்படி வசூல் தொழிலுக்கு உரிமம் வேண்டும். பிரிட்டனில் நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நீங்கள் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு பதிவேடு இருந்தால் போனை வைத்ததும் பார்க்க வேண்டிய இடம் அதுதான். மோசடிக்காரர்கள் நிஜமான நிறுவனத்தின் பெயரையே சொல்லிக்கொள்வதும் உண்டு. ஆகவே பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு அழைத்து "உங்களிடமிருந்துதான் அழைப்பு வந்ததா?" என்று கேட்க வேண்டும்.

போனை வைத்த பிறகு

முதலில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், எண், அவர் சொன்ன பெயர், தொகை, மிரட்டிய வார்த்தைகள். அப்புறம் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். அழைப்பைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் நல்லது, ஆனால் மறுமுனையில் இருப்பவருக்குச் சொல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் உள்ள இடங்களும் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடன் கொடுத்த நிறுவனத்தை நேரடியாகக் கேளுங்கள். அட்டையின் பின்புறத்திலோ பழைய ஸ்டேட்மென்டிலோ உள்ள எண்ணில் அழைத்து, என் பேரில் பாக்கி உண்டா, எவ்வளவு, வசூலுக்கு யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். ஏஜென்ட் உண்மையானவர் என்று தெரிந்தாலும், முடிந்தால் பணத்தை வங்கிக்கே நேராகக் கட்டுங்கள்.

நீங்கள் அறியாமல் உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க கிரெடிட் ரிப்போர்ட், அதாவது உங்கள் பெயரிலுள்ள கடன்களின் பதிவு, உதவும். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அமெரிக்காவில் வாரம் ஒரு முறை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத கணக்கு அதில் இருந்தால் அது மோசடி அழைப்பை விடப் பெரிய பிரச்சினை. அறிக்கை தந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்ததாகக் காட்டப்படும் வங்கியிடமும் உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். ரிப்போர்ட்டில் எதுவுமே இல்லை என்றால் நிம்மதியடையலாம், ஆனால் எல்லாக் கடனும் அதில் ஏறுவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

அழைத்த நிறுவனத்துக்கு எழுதுவதாக இருந்தால் பெரிய கடிதம் தேவையில்லை. இவ்வளவு போதும்:

"நீங்கள் இந்தத் தேதியில் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரு கடன் பாக்கி பற்றிப் பேசினீர்கள். அப்படி ஒரு கடன் எனக்கு இருப்பதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் கடன் கொடுத்தவர் யார், கடன் வழங்கிய தேதி, அசல், வட்டி, இதுவரை கட்டிய தொகை, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, இதை வசூலிக்க உங்களுக்கு உள்ள அதிகாரம் ஆகியவற்றுக்கான ஆவண நகல்களை அனுப்புங்கள். அதுவரை தொலைபேசியில் அழைக்க வேண்டாம். இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும்."

"ஒப்புக்கொள்ளவில்லை" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சலோ, ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலோ, அனுப்பியதற்குச் சான்று இருக்கும் வழியாக அனுப்புங்கள். புதிதாக எந்தத் தனிப்பட்ட விவரமும் அதில் எழுத வேண்டாம். கையெழுத்து, அடையாள அட்டை நகல் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

பழைய கடன் என்றால் கூடுதல் கவனம்

பத்து வருடத்துக்கு முந்தைய கடன் என்று ஒருவர் அழைக்கிறார், கடன் உண்மையாகவே வாங்கியதுதான், கட்டாமலும் விட்டுவிட்டீர்கள். அப்போதும் அவசரப்பட வேண்டாம். கடனுக்காக வழக்குப் போடுவதற்குக் காலவரம்பு உண்டு. இந்தியாவில் சாதாரணக் கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான சாதாரணக் கடனுக்கு ஆறு ஆண்டு. ஸ்காட்லாந்தில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து ஆண்டு, அங்கே காலம் தாண்டினால் கடனே ஒழிந்துபோகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிறு தொகை ஒன்றைக் கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ பல இடங்களில் கடிகாரம் மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். "நல்லெண்ணத்துக்கு ஒரு ஐநூறு மட்டும் போடுங்கள்" என்று கேட்பதற்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருக்கலாம். எப்போது எது கடிகாரத்தைத் திருப்பும் என்பது நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அதனால் பழைய கடன் விஷயத்தில் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ கேட்டுக்கொள்வது நல்லது.

கடன் உண்மை என்று தெரிந்தால்

ஒதுக்கித் தள்ள வேண்டாம். சந்தேக அழைப்புகளைப் பற்றி இவ்வளவு படித்தபின் எல்லா அழைப்பையும் வெட்டிவிடத் தோன்றும், அதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. குறிப்பாக நீதிமன்றத்திலிருந்து முறைப்படி ஒரு காகிதம் வந்தால், அது போலியோ என்று சந்தேகம் இருந்தாலும், அதில் பெயர் சொல்லப்பட்ட நீதிமன்றத்தின் போன் எண்ணை நீங்களாகத் தேடி எடுத்து வழக்கு எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். உண்மையான சம்மனுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடக்கூடும். அப்போது கடன் பொய்யானதாக இருந்தாலும் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

செட்டில்மென்ட் பேசுவதாக இருந்தால், எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்பது நிறுவனத்தின் தலைப்பில் எழுத்தில் வந்தபிறகு மட்டும் பணம் கட்டுங்கள். ரசீதும் கணக்கு முடிந்ததற்கான சான்றும் கைக்கு வந்தபின், அவற்றை வருடக்கணக்கில் பத்திரமாக வையுங்கள். கட்டி முடித்த கடன் மறுபடி பட்டியலில் முளைப்பது அரிதான விஷயமில்லை.

லோன் ஆப் அழைப்புகள்

இவை ஒரு தனி வேதனை. சிறு தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு, போனில் உள்ள தொடர்புகளையும் படங்களையும் உருவிக்கொண்டு, உறவினர் எண்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்புவார்கள். சில சமயம் நீங்கள் கடனே வாங்கியிருக்க மாட்டீர்கள், ஆப்பை இறக்கிப் பார்த்ததுதான் குற்றம். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கடன் ஆப் எதுவும் போனில் உள்ள தொடர்புப் பட்டியலையோ படங்களையோ தொடக் கூடாது. முறையான நிறுவனங்களின் ஆப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அதில் இல்லாத ஆப் என்றால் பேரம் பேசவே வேண்டாம்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, செயலியின் திரைகளையும் வந்த செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. அப்புறம் ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்து அதை நீக்குவது. அடுத்து, வீட்டாரிடமும் நெருங்கியவர்களிடமும் நீங்களே முந்திக்கொண்டு "என் பெயரில் மிரட்டல் செய்தி வரும், நம்ப வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிடுவது. சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் மிரட்டுகிறவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் கூச்சம்தான். மானத்துக்கு அஞ்சி மறுபடி மறுபடி கடன் வாங்கிக் கட்டியவர்கள் உயிரையே விட்டிருக்கிறார்கள். மார்ஃபிங் செய்த ஒரு படத்துக்காக யாரும் தனியாக இருட்டில் உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. குற்றம் செய்தவர் அவர், நீங்கள் இல்லை.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா?

நேரம்தான் முக்கியம். உங்கள் வங்கிக்கு உடனே அழைத்துப் பரிவர்த்தனையை நிறுத்தச் சொல்லுங்கள், அட்டையையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். இந்தியாவில் 1930 என்ற எண் சைபர் நிதி மோசடிக்கானது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் முடக்க முயல்வார்கள், அதனால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு. அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்திலும் பதிவு செய்யுங்கள். மற்ற நாடுகளிலும் இதற்கென எண்ணும் தளமும் உண்டு, உங்கள் ஊர்ப் போலீஸ் சொல்வார்கள். வங்கியின் ஏஜென்டே அத்துமீறினார் என்றால் முதலில் அந்த வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஒரு முறை பணம் கொடுத்தவர்களின் எண் மறுபடி விற்கப்படுகிறது. சில வாரம் கழித்து வேறொரு குரல் வரும். இம்முறை மிக இதமாக இருக்கும். "உங்களை ஏமாத்தின கும்பல பிடிச்சுட்டோம், உங்க பணம் எங்ககிட்ட இருக்கு, ப்ராசஸிங் கட்டணம் மட்டும் போடுங்க" என்பார்கள். எந்தக் காவல் நிலையமும், எந்த வங்கியும், எந்த நீதிமன்றமும் தொலைத்த பணத்தைத் திருப்பித் தர முன்பணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு, முன்பு கொடுத்த அதே புகாரோடு சேர்த்துவிடுங்கள்.